எண்ணெய்த் துளியின் எல்லை: பரப்புத் தொழிற்படுபொருட்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்பது யாவரும் அறிந்த செய்தியே. நீரினுள் விடப்பட்ட எண்ணெய் துளிகளாகத் திரள்வதும், அத்துளிகள் சிறியனவாயின் உருண்டையாக அமைவதும் நாளாந்தம் காணப்படுவன. ஆயின் அத்துளி ஏன் உருண்டையாக அமைகிறது, எச்சந்தர்ப்பத்தில் அது தன் உருண்டை வடிவை இழக்கிறது என்னும் வினாக்கள் எளியன அல்ல. அவற்றுக்கு விடை தேடும் முயற்சி பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்கூறிலிருந்து இன்றுவரை தொடர்கிறது. அம்முயற்சியின் வரலாற்றைச் சமூக நோக்கிற் சற்று உற்றுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடநூல்கள் இவ்வரலாற்றை ஒரு சில பெருமக்களின் பெயர் நிரலாகவே தருகின்றன. அவர்கள் எதனைக் கண்டனர் என்பது கூறப்படும். எதனைக் காண மறுத்தனர் என்பது கூறப்படுவதில்லை. நமது விடயத்தில் இவ்விரண்டாவது வினாவே முக்கியமானது. துளியின் எல்லையை நெடுங்காலமாகப் பௌதிகவியலாளர் தடிப்பற்ற ஒரு கேத்திரகணிதப் பரப்பாகவே கருதினர். அதில் ஒட்டிக்கொள்ளும் கொழுப்பு, சவர்க்காரம் ஆகியன அவர்களுக்கு மாசு. பரிசோதனையைக் கெடுக்கும் அழுக்கு. அவ்வழுக்கே துளியின் வடிவத்தை ஆள்கின்றது என்பதை உணர்ந்தோர் பெரும்பாலும் அழுக்கோடு புழங்கியோராகவோ, பௌதிகவியலின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோராகவோ இருந்தனர். இது தற்செயலானதன்று என்பதே நமது துணிபு.

நீர்ப்பரப்பில் எண்ணெய் ஊற்றினால் அலை அடங்கும் என்பது மிகப் பழைய தொழிலறிவு. கடலில் மூழ்குவோர் வாயிலிருந்து எண்ணெயை உமிழ்ந்து நீரைத் தெளியச் செய்வர் என உரோமானிய ஆசிரியர் பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே எழுதியுள்ளார். இவ்வறிவு படித்தோர் உலகுள் நுழைந்த விதம் கவனத்திற்குரியது. 1757 ஆம் ஆண்டில், லூயிபர்க் கோட்டையைத் தாக்கச் சென்ற 96 கப்பல்கள் கொண்ட அணியோடு கடலிற் சென்ற பெஞ்சமின் பிராங்ளின், இரு கப்பல்களின் பின்னால் மாத்திரம் நீர் அலையின்றி வழவழப்பாகக் கிடத்தலைக் கண்டார். காரணம் வினவியபோது, சமையற்காரர்கள் கொழுப்பு நீரைக் கொட்டியிருப்பார்கள் என்று கப்பற் தலைவர், எல்லாரும் அறிந்ததை அறியாத ஒருவருக்குச் சொல்லும் ஏளனத்தோடு விடையளித்தாராம். பேர்முடாத் தீவின் மீனவர் குத்தி மீன்பிடிக்கும்போது நீருள் நோக்குதற்கு எண்ணெய் தெளிக்கும் வழக்கத்தையும் பிராங்ளின் கேட்டறிந்தார். பிற்காலத்தில் அவர் தமது மூங்கிற் கைத்தடியின் மேற்கணுவில் எண்ணெயை அடைத்துக்கொண்டு உலாவினார் என்பது வேடிக்கையான செய்தி.

இலண்டனின் கிளப்பம் வெளியிலுள்ள குளமொன்றில் அவர் ஊற்றிய ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பைக் கண்ணாடிபோல் ஆக்கிற்று. அவ்வறிக்கை 1774 இல் இலண்டன் வேத்தியற் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. எண்ணெயின் கனவளவைக் குளத்தின் பரப்பளவாற் பிரித்தால் படலத்தின் தடிப்பு ஒரு மீற்றரின் நூறுகோடியில் இரண்டு மூன்று பங்கு என வரும். மூலக்கூறு ஒன்றின் நீளமும் ஏறத்தாழ அவ்வளவே. அந்த எளிய வகுத்தலைப் பிராங்ளின் செய்தாரல்லர். அவருக்கு வேண்டியிருந்தது அலையடக்கும் உபாயம். எல்லைக்குத் தடிப்பு உண்டா என்னும் வினா அக்காலத்தில் எழவேயில்லை.

இங்கே ஒரு விளக்கம் அவசியமாகிறது. துப்புரவாக்கிய கனிய எண்ணெய் நீரின்மேற் பரவாது; வில்லைபோல் திரண்டு நிற்கும். பிராங்ளினின் எண்ணெய் பரவியமைக்குக் காரணம், இயற்கையான தாவர எண்ணெயின் மூலக்கூறுகளில் நீரை நாடும் பகுதியும் உண்டு என்பதே; சுயாதீனக் கொழுப்பமிலங்களும் அதிற் சிறிதளவு கலந்திருக்கும். கொழுப்பமில மூலக்கூற்றின் ஒரு முனை நீரை நாடும். காபன் அணுக்கள் நீண்டு தொடுத்த மறுமுனையோ நீரை வெறுத்து எண்ணெயை நாடும். சவர்க்காரமும் இத்தகையதே. இவ்விரட்டைத் தன்மையுடைய பொருட்கள் எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான எல்லையிற் சென்று குடியேறுவன. அவற்றையே இங்குப் பரப்புத் தொழிற்படுபொருட்கள் என்கிறோம்.

எல்லையின் கேத்திரகணிதம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாயிற்று. 1805 இல் தோமஸ் யங்கும் 1806 இல் லப்பிளாசும், வளைந்த திரவப் பரப்பின் உட்புற அமுக்கம் வெளிப்புற அமுக்கத்திலும் கூடியது என்பதையும், அவ்வேற்றுமை பரப்பிழுவையையும் வளைவையும் பொறுத்தது என்பதையும் நிறுவினர். துளி சிறிதாகச் சிறிதாக அவ்வமுக்கம் பெருகும். துளியைச் சூழ்ந்துள்ள எல்லை தன்னால் இயன்றமட்டும் சுருங்க முயலும். ஒரே கனவளவுடைய வடிவங்களுள் மிகக் குறைந்த பரப்புடையது கோளம். ஆகவே துளி கோளமாகும். நேர்த்தியான விளக்கம். ஆனால் அதில் எல்லை என்பது ஓர் எண் மாத்திரமே. அவ்வெண் ஏன் அத்தனை பெறுமானம் கொள்கிறது, அதனை எது மாற்றும் என்பன வெளியே விடப்பட்டன.

இவ்விளக்கத்தைக் கண்முன் கொணர்ந்தவர் பெல்ஜிய நாட்டின் கென்ற் பல்கலைக்கழகப் பேராசிரியர் யோசெப் பிளாட்டோ. (கிரேக்க மெய்யியலாளரோடு அவருக்கு உள்ளது ஒலியொற்றுமை மாத்திரமே.) நீரிலும் அற்ககோலிலும் தகுந்த அளவு கலந்து ஒலிவ் எண்ணெயின் அடர்த்திக்குச் சமமான அடர்த்தியுடைய கலவையை அவர் ஆக்கினார். அதனுள் விடப்பட்ட எண்ணெய் மிதக்கவும் இல்லை, தாழவும் இல்லை. புவியீர்ப்பின் பிடியிலிருந்து விடுபட்டாற் போன்று பெருங்கோளமாக நின்றது. கோளத்தின் நடுவே அச்சொன்றைச் செலுத்திச் சுழற்றியபோது அது துருவங்களிற் தட்டையாயிற்று. விரைவு கூடியபோது வளையமாய் விரிந்தது. நீண்ட எண்ணெய் உருளையானது அதன் நீளம் பரிதியை விஞ்சியதும் நிலைகுலைந்து துளிகளாக உடையும் என்பதும் அவர் வழி வந்த முடிபாகும்.

1843 ஆம் ஆண்டளவில் பிளாட்டோ பார்வையை முற்றாக இழந்தார். அதற்குப் பின்னரே அவரது ஆய்வுகளிற் பெரும்பகுதி நடந்தது. 1873 இல் வெளிவந்த அவரது பெருநூலில் அடங்கியுள்ள காட்சிகளுட் பலவற்றை அவர் கண்ணாற் கண்டதில்லை. மகன் பெலிக்ஸ், மருமகன் வன் டெர் மென்ஸ்புரூக், சகபாடிகள் ஆகியோர் கண்டு கூற, அவர் எண்ணி வகுத்தார். இதனைத் தனிமனித மனவுறுதியின் காவியமாக எழுதுவதே வழக்கம். நாம் இதில் வேறொன்றைக் காண்கிறோம். விஞ்ஞான அவதானம் என்பது பலருடைய கண்களாலும் கைகளாலும் ஆகும் கூட்டுழைப்பு என்னும் உண்மை, வழமையாக மறைந்து கிடப்பது, இங்கே ஒரு பேராசிரியரின் பார்வையின்மையால் வெளிப்பட்டு விட்டது.

சவர்க்காரப் படலங்களை ஆராயப் புகுந்தபோதுதான் பிளாட்டோவின் எல்லைக்குச் சிக்கல் எழுந்தது. தூய நீரில் நிலைத்த படலத்தைப் பெற முடியாது. அதிற் சவர்க்காரம் சிறிது கரைத்தால் முடியும். பரப்பிழுவையோ சவர்க்கார நீரிலேயே குறைவு. பிளாட்டோ இதனைப் பரப்பின் பிசுக்குமையால் விளக்க முனைந்தார். 1865 இல் பாவியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்ற இத்தாலியரான கார்லோ மரங்கோனி இதனை மறுத்தார். பரப்பிற் படிந்த மாசு ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் ஐதாகவும் இருக்கும்போது இழுவை இடத்துக்கிடம் வேறுபடும். இழுவை குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்தை நோக்கித் திரவம் இழுபடும். அதனாலேயே பரப்பு மீள்தன்மை கொண்டதுபோல் நடந்துகொள்கிறது என்பது அவர் கருத்து. மாசு என்ற சொல்லை மரங்கோனியும் விட்டாரல்லர். எனினும் அம்மாசு முதன்முதலாகக் காரணம் என்னும் தகுதியைப் பெற்றது.

1878 இல் பேர்லினைச் சேர்ந்த உடற்றொழிலியலாளர் யொகன்னஸ் காட் செய்த பரிசோதனை, அதன் எளிமையால் நம்மைக் கவர்கிறது. ஊசிப்போன எண்ணெயின் துளியொன்றை ஐதான சோடாக் கரைசலின் மீது மெல்ல இட்டார். கலக்கவில்லை, குலுக்கவில்லை. துளி அமைதியாக இருக்கவில்லை. அது கைகளை நீட்டிற்று; மடக்கிற்று; விளிம்பிலிருந்து நுண்டுளிகள் கழன்று பாலாகப் பரந்தன. ஊசிப்போன எண்ணெயிலுள்ள கொழுப்பமிலம் காரத்தோடு சேர்ந்து எல்லையிலேயே சவர்க்காரமாக மாறியது என்பதே காரணம். எங்கு சவர்க்காரம் உண்டாயிற்றோ அங்கு இழுவை தாழ்ந்தது; தாழாத இடம் இழுத்தது; துளி தன் உருண்டையைக் கைவிட்டது. நல்ல எண்ணெயில் இது நிகழாது. பௌதிகவியலாளர் ஒதுக்கிவிடும் கெட்ட எண்ணெயே இவ்வுண்மையைக் காட்டியது. அதனைக் கையிலெடுத்தவரும் குடலிற் கொழுப்பு எவ்வாறு சமிக்கிறது என்னும் உடற்றொழிலியல் வினாவோடு வந்தவர்.

அத்துளிகளின் அசைவு அமீபாவின் அசைவைப் பெரிதும் ஒத்திருந்தது. குவிங்கே 1888 இல் அதன் பொறிமுறையை விரிவாக ஆராய்ந்தார். விலங்கியலாளர் பூச்லி, ஒலிவ் எண்ணெயைப் பொற்றாசியங் காபனேற்றோடு அரைத்துப் பெற்ற நுண்ணுரைத் துளிகள் நீரில் ஊர்ந்து திரிவதைக் காட்டி, உயிர்க்கலத்தின் முதலுருவும் இத்தகைய நுரையே என 1892 இல் வாதிட்டார். அவ்வாதம் நிலைக்கவில்லை. ஆயினும் உயிரின் அசைவைச் சடத்தின் விதிகளைக் கொண்டே விளக்கலாம் என்ற துணிவு அக்காலத்தின் பொருள்முதற் சிந்தனைக்கு ஊட்டமளித்தது என்பதை மறுத்தற்கில்லை.

இனி, இவ்வரலாற்றின் நடுநாயகமான நிகழ்ச்சிக்கு வருவோம். 1862 இல் வெனிசிற் பிறந்து ஜேர்மனியின் பிறவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த அக்னெஸ் பொக்கெல்சுக்குப் பௌதிகவியலில் ஆர்வம் இருந்தது. பல்கலைக்கழகக் கதவு திறந்திருக்கவில்லை. அவர் பெண். பிற்காலத்திற் பெண்களுக்கு இடம் கிடைத்தபோதும், நோயுற்ற பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு அவரை வீட்டிலேயே நிறுத்திற்று. கொட்டிங்கனிற் பௌதிகவியல் பயின்ற தம்பி பிரிட்ரிக் அனுப்பிய நூல்களே அவரது பல்கலைக்கழகம். ஏறத்தாழ 18 வயதிலேயே, பாத்திரம் கழுவும் நீரின் பரப்பில் அழுக்கும் கொழுப்பும் நடந்துகொள்ளும் விதத்தை அவர் கவனிக்கத் தொடங்கினார். தகரத் தொட்டி ஒன்று. அதன் குறுக்கே நகர்த்தத்தக்க ஒரு தகரக் கீலம். பரப்பிலிருந்து ஒரு சிறு தட்டை மேலிழுக்க வேண்டிய விசையை அளக்க ஒரு தராசு. இவ்வளவே கருவிகள்.

அக்கீலத்தின் சிறப்பை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். அக்காலத்து ஆய்வுகூடங்களில் நீர்ப்பரப்பைத் தூய்மையாக்குதல் பெருந்தொல்லை. பொக்கெல்ஸ் கீலத்தைப் பரப்பின் வழியே ஒதுக்கித் தள்ளி, படலத்தை ஒரு பக்கம் கூட்டி, மறுபக்கம் தூய பரப்பைப் பெற்றார். அழுக்கை நீக்கும் அதே அசைவு அழுக்கை அடர்த்தவும் உதவியது. படலத்தின் பரப்பளவைச் சுருக்கிச் செல்லும்போது, ஒரு குறித்த எல்லைவரை இழுவை மாறாதிருந்து, அதன் பின் திடீரெனத் தாழ்வதை அவர் அளந்தார். மேசையைத் துடைப்பவர் அறிந்த அசைவை அளவைக் கருவியாக்கிய இச்செயல், அடுக்களையில் நின்று ஆய்வு செய்ய நேர்ந்தமையின் குறைபாடன்று. அதன் பேறு என்றே கூறவேண்டும். அதற்காக அக்கட்டாயத்தைப் போற்ற முடியாது. கதவு திறந்திருப்பின் அவர் இன்னும் எவ்வளவோ செய்திருப்பார்.

தமது முடிவுகளை அவர் பத்தாண்டுகள் வரை வெளியிட வழியின்றி வைத்திருந்தார். அவ்வேளை றேலி பிரபு, 1890 இல், நீரின்மேற் கற்பூரத் துண்டுகளின் துள்ளலை நிறுத்த வேண்டிய ஒலிவ் எண்ணெய்ப் படலத்தின் தடிப்பை அளந்து, அது மீற்றரின் நூறுகோடியில் 1.6 பங்கு எனக் கண்டிருந்தார். இதனை அறிந்த பொக்கெல்ஸ் 1891 ஜனவரியில் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். றேலியின் துணைவியார் அதனை ஆங்கிலத்தில் ஆக்க, றேலி தம் பரிந்துரையோடு 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். அது 1891 மார்ச் 12 இல் வெளிவந்தது. றேலியின் நேர்மை பாராட்டத்தக்கது. ஆயினும், பிரபு ஒருவர் நேர்மையாளராக இருந்தால் மாத்திரமே வெளிவரக்கூடிய அறிவின் நிலை என்ன என்று வினவாதிருக்க முடியவில்லை. இதே போன்ற எத்தனை கடிதங்கள் குப்பைக்கூடையிற் சேர்ந்தன என்பதை எந்த வரலாறும் கூறாது.

படலத்தின் தடிப்பு ஒரே மூலக்கூறுதான் என்ற முடிவுக்கு றேலி 1899 இல் வந்தார். அமெரிக்கரான இர்விங் லங்மூர், ஒரு மின்பொருட் கம்பனியின் ஆய்வுகூடத்திலிருந்து, பொக்கெல்சின் தொட்டியைத் திருத்தியமைத்துப் பயன்படுத்தி, மூலக்கூறுகள் தலையை நீரிற் பதித்து வாலை மேலே நிறுத்தி நெருங்கி நிற்கின்றன என்பதை 1917 இல் நிறுவினார். 1932 இல் லங்மூருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில், தமது எழுபதாம் வயதில், பொக்கெல்சுக்கு அவரது ஊர்த் தொழினுட்பப் பல்கலைக்கழகம் கௌரவக் கலாநிதிப் பட்டம் அளித்தது. மூன்று ஆண்டுகளின் பின் அவர் மறைந்தார். அத்தொட்டி இன்றும் பெரும்பாலும் லங்மூரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

நீரின் பரப்பு பற்றிய இவ்வறிவு எண்ணெய்த் துளிக்கு வந்து சேர்ந்த பாதையில் நம் நாட்டோடு சிறு தொடர்புடைய ஒருவர் நிற்கிறார். பிரெடரிக் ஜோர்ஜ் டொனன் 1870 இல் கொழும்பிற் பிறந்தவர். அல்ஸ்ரரைச் சேர்ந்த வணிகக் குடும்பத்துப் பிள்ளை. வளர்ந்ததும் பயின்றதும் அயர்லாந்திலும் ஐரோப்பாவிலும். அவரை நம்மவர் என உரிமை கொண்டாடுதல் நகைப்புக்கிடமாகும். அவர் 1899 இல் வெளியிட்ட ஆய்வு சவர்க்காரப் பாற்குழம்புகள் பற்றியது. நுனி மேல்நோக்கி வளைந்த குழாயியிலிருந்து குறித்த கனவளவு எண்ணெயை நீர்க்கரைசலினுள் விட்டு, அது எத்தனை துளிகளாகக் கழன்று எழுகிறது என எண்ணினார். இழுவை தாழ்ந்தால் துளி பெருக்குமுன்னரே கழலும், துளிகள் சிறுக்கும், எண்ணிக்கை கூடும். காபன் தொடர் குறுகிய அமிலங்களின் உப்புகள் பயனற்றவை, தொடர் நீண்டவையே இழுவையைப் பெரிதும் தாழ்த்துவன, பாற்குழம்பை நிலைக்கச் செய்வனவும் அவையே என்பது தெளிவாயிற்று.

தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி, 12 காபன் அணுக்களைக் கொண்ட லோரிக் அமிலம். நல்ல நுரை தரும் சவர்க்காரத்துக்கு அது உகந்தது. இலங்கையின் கொப்பறாவும் தேங்காயெண்ணெயும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பியச் சந்தைக்குச் சென்றமைக்கு இதுவும் ஒரு காரணம். டொனன் 1904 முதல் 1913 வரை பேராசிரியராக இருந்த லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், 1888 இல் தொடங்கப்பட்ட போர்ட் சன்லைட் சவர்க்காரத் தொழிற்சாலை நின்றது. அதன் உரிமையாளர் வில்லியம் லீவர் 1911 இல் பெல்ஜியக் கொங்கோவிற் பெருநிலப்பரப்புகளில் எண்ணெய்ப் பனைச் சலுகை பெற்றார்; அங்கு கட்டாய உழைப்பு நடைபெற்றமையை வரலாற்றாசிரியர் ஆவணங்களோடு காட்டியுள்ளனர். கொழுப்பமிலத்தின் வால் எத்தனை காபன் நீளமானது என்னும் வினா ஆய்வுகூடத்தில் மாத்திரம் பிறந்ததன்று என்பதற்கு இவை போதும்.

இடைக்காலத்து வளர்ச்சிகளை விரைந்து கடக்கலாம். துளியின் வடிவமே இழுவையை அளக்கும் கருவியாயிற்று. அமரும் துளிகளின் உருவங்களைக் கணித்த பெரும் அட்டவணைகளை பாஷ்போர்த்தும் அடம்சும் 1883 இலேயே வெளியிட்டிருந்தனர். எப்பொருள் எத்திரவத்தில் நன்கு கரையுமோ அத்திரவமே வெளியே நிற்கும், மற்றையது துளியாகும் என 1913 இல் பான்குறொவ்ற் வகுத்தார். சோடியச் சவர்க்காரம் எண்ணெயைத் துளியாக்க, கல்சியச் சவர்க்காரம் நீரைத் துளியாக்குவதற்கு மூலக்கூற்றின் ஆப்பு வடிவமே காரணம் என்ற கருத்தும் அவ்வாண்டுகளில் எழுந்தது.

1934 இல் கேம்பிறிட்ஜைச் சேர்ந்த ஜீ. ஐ. ரெயிலர், சுழலும் நான்கு உருளைகளுக்கிடையே பாகில் நின்ற எண்ணெய்த் துளியை இழுபடச் செய்தார். சில வேளைகளில் துளியின் இரு முனைகளும் ஊசிபோற் கூர்ந்து, அங்கிருந்து மிக நுண்ணிய துளிகள் ஒழுகின. துளியின் நடுப்பகுதி உடையவேயில்லை. இதன் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. பாய்ச்சலால் அடித்துச் செல்லப்பட்ட பரப்புத் தொழிற்படுபொருள் முனைகளிற் குவிந்து அங்கு மாத்திரம் இழுவையைத் தாழ்த்துவதே காரணம் என 1993 இல் டி புறுயின் காட்டினார். துப்புரவான எண்ணெய் என்று எண்ணப்பட்டதில் அழுக்கு இருந்தது.

துளியைச் சிறுக்கச் செய்யும் வல்லமை பெருந்தொழிலின் கைக்குச் சென்றபோது நேர்ந்தவற்றை விட்டுவிட முடியாது. 1967 மார்ச் 18 இல் ரொறி கன்யன் என்னும் எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் பாறையில் மோதிற்று; ஏறத்தாழ 119,000 தொன் குவைத் மசகெண்ணெய் அதிலிருந்தது. எண்ணெயை நுண்டுளிகளாகச் சிதறடித்தற்கென ஏறத்தாழ 10,000 தொன் துப்புரவாக்கிகள் கடலிலும் கரையிலும் கொட்டப்பட்டன. ஒரு சதமமீற்றர் விட்டமுள்ள துளியை அதன் ஆயிரத்திலொரு பங்கு விட்டமுடையனவாக உடைத்தால் எல்லையின் பரப்பு ஆயிரம் மடங்காகும். நுண்ணுயிர்கள் எண்ணெயை உண்ணுதல் எளிதாகும். கணக்கிற் பிழையில்லை. ஆயின் அத்துப்புரவாக்கிகளிற் கலந்திருந்த கரைப்பான்கள் கொடிய நஞ்சு. எண்ணெய் படிந்தும் துப்புரவாக்கி இடப்படாத பாறைகளிற் சிப்பியினங்கள் பல பிழைத்தன. இடப்பட்ட பாறைகளில் அவை கூட்டமாக மாண்டன. பிளிமத் கடலுயிரியலாளர் 1968 இல் வெளியிட்ட அறிக்கை இதனை ஐயத்துக்கிடமின்றி நிறுவியது. கரையைச் சுற்றுலாவுக்குத் துப்புரவாகக் காட்டும் அவசரம், கரையில் வாழ்வனவற்றின் கணக்கை எடுக்கவில்லை.

அதன்பின் நச்சுத்தன்மை குறைந்த பொருட்கள் ஆக்கப்பட்டன. எனினும் 2010 இல் மெக்சிக்கோ வளைகுடா எண்ணெய்க் கிணற்று விபத்தில் ஏறத்தாழ 70 இலட்சம் லீற்றர் சிதறலாக்கிகள், அவற்றில் ஒரு பகுதி கடலடியிலேயே, பாய்ச்சப்பட்டபோது பழைய விவாதம் மீண்டும் எழுந்தது. 2020 செப்ரெம்பரில் சங்கமன்கண்டிக்கு அப்பால் நியூ டயமன்ட் கப்பல் தீப்பற்றியபோது, கசிந்த எரிபொருட் படலத்தின் மீது விமானத்திலிருந்து சிதறலாக்கி தெளிக்கப்பட்டதை நமது கிழக்குக் கரையோர மக்கள் அறிவர். கப்பலிலிருந்த ஏறத்தாழ 270,000 தொன் மசகெண்ணெய் கடலிற் கலவாமற் தப்பியது.

இவ்வரலாற்றின் மிக அண்மைய அத்தியாயம் சோபியா நகரிலிருந்து வந்தது. பல்கேரியாவிற் பளிங்கு வளர்ச்சி பற்றிய ஆய்வை ஸ்திரான்ஸ்கியும் மென்படலங்கள் பற்றிய ஆய்வை ஷெலுட்கோவும் தொடங்கிவைத்த மரபு உண்டு. செல்வந்த நாடுகளின் பேராய்வுகூடங்களுக்கு அப்பால் பொறுமையாக வளர்ந்த அம்மரபில் வந்த டென்கோவ், சொலக்கோவா முதலியோர் கேம்பிறிட்ஜின் சிமுகோவுடன் இணைந்து 2015 இறுதியில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை, திரவத் துளி கோணங் கொள்ளாது என்னும் பாடநூற் கூற்றை அசைத்தது. எக்சாடெக்கேன் போன்ற எளிய ஐதரோகாபன் எண்ணெயின் நுண்டுளிகளை, நீண்ட வாலுடைய பரப்புத் தொழிற்படுபொருள் கலந்த நீரில் நிறுத்தி, உறைநிலையை அண்டி மெதுவாகக் குளிரச் செய்தனர். கோளம் பல முகங்கொண்ட திண்மம்போல் ஆயிற்று. பின் அறுகோணத் தகடாகத் தட்டையாயிற்று. நாற்கோணமாகவும் முக்கோணமாகவும் மாறி, மூலைகளிலிருந்து நூல்போன்ற வால்களை நீட்டிற்று. இத்தனையும் உட்புறம் திரவமாக இருக்கும்போதே நிகழ்ந்தன. தொழிற்படுபொருளின் வால் எண்ணெய் மூலக்கூற்றின் நீளத்துக்கு நிகராகவோ அதனிலும் நீண்டதாகவோ இருந்தால் மாற்றம் செவ்வையாக நடந்தது. குறுகியதாயின் துளி கோளமாகவே உறைந்தது. டொனன் எண்ணிய காபன் தொடர் இங்கே மீண்டும் வருகிறது.

காரணம் பற்றி இரு கருத்துகள் உள. சோபியாக் குழுவினர் கருதுவது: எல்லையில் ஒழுங்காக நிற்கும் வால்கள் எண்ணெய் மூலக்கூறுகளுக்கு அச்சுப்போல் அமைந்து அவற்றை அணிவகுக்கச் செய்கின்றன, இடத்தில் நிலைத்தும் தம் அச்சிற் சுழன்றும் நிற்கும் இடைநிலைப் படைகள் பல தோன்றி, துளியின் விளிம்புகளிற் சட்டம்போல் நின்று அதனை உந்தி உருமாற்றுகின்றன. இஸ்ரவேலின் பார்-இலன் பல்கலைக்கழகத்துச் சிலுற்ஸ்கின் முதலியோர் கருதுவதோ வேறு: உறைவது ஒரே மூலக்கூறு தடித்த படை மாத்திரம். அறுகோண அணியாக அடுக்கப்பட்ட படையொன்று கோளத்தை முற்றாக மூட இயலாது. காற்பந்தின் உறையிற்போல், ஐந்து அயலவர் மாத்திரமே உடைய 12 இடங்களேனும் வேண்டும். குளிரும்போது இழுவை ஏறக்குறைய அற்றுப்போக, அப்படையின் மீள்தன்மை மேலோங்கி அப்பன்னிரண்டு இடங்களும் மூலைகளாகின்றன.

எல்லை ஒரு மூலக்கூறு தடித்ததா, பல படைகள் தடித்ததா என்பதே இவ்விரு சாராருக்கும் இடையிலுள்ள வேறுபாடு. தடிப்பற்ற பரப்பிலிருந்து புறப்பட்ட விவாதம் இவ்வளவு தூரம் வந்துள்ளது, இன்னும் முடியவில்லை. இதற்கிடையே சோபியாவில் 2017 இல் இன்னொன்றும் கண்டனர். அத்துளிகளைச் சில பாகைகள் குளிரச் செய்து மீண்டும் சூடாக்கிப் பன்முறை இவ்வாறு செய்தால், கலக்காமலும் குலுக்காமலும் அவை தாமாகவே உடைந்து, ஒரு மீற்றரின் பத்திலட்சத்தில் ஒரு பங்கிலும் சிறிய துளிகளாகின்றன. காட்டின் ஊசிப்போன எண்ணெய் 1878 இல் செய்ததும் அதுவே.